கார் உறுமியது, கல்யாணம் நகரவில்லை

மூன்று வருடங்களுக்கு முன், மே மாதத்தில் ஒரு காலை நேரம். கணபதியிலிருந்து காந்திபுரம் போகிற ரோடு. என் காரின் பின் சீட்டில் என் தங்கை மகள், மணப்பெண்ணாக. முன் சீட்டில் தங்கை. பத்தரை மணிக்கு சர்ச்சில் கல்யாணப் பூசை. அன்று பன்னிரண்டு மணிக்கு அங்கே இன்னொரு கல்யாணமும் இருந்ததால், "பதினொன்றைத் தாண்டினால் உங்களுக்குச் சாயங்காலம்தான்" என்று பங்குச் சாமியார் முதல் நாளே சொல்லிவிட்டார். மண்டபத்தில் பிரியாணிக்கு அடுப்பு பற்ற வைத்தாயிற்று.

வாடகைக்குப் பெரிய காராகப் பிடிக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். "தாய்மாமன் காரு இருக்கறப்ப வாடகைக் காரா?" என்று மார்தட்டியவன் நான்தான்.

ரோட்டில் பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மிச்சமிருந்த ஒற்றை வழியில் ஒரு ஏற்றம். அங்கேதான் அது நடந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். இன்ஜின் உறுமியது, கார் நகரவில்லை. இன்னும் மிதித்தேன். இன்னும் பெரிதாக உறுமியது. அடிப்பாகத்திலிருந்து ரப்பர் எரிகிற மாதிரி ஒரு நாற்றம்.

"மாமா, சத்தம் மட்டுந்தான் வருது" என்றாள் மணப்பெண், ரொம்ப நிதானமாக.

இறங்கி பானெட்டைத் திறந்தேன். இடுப்பில் கை வைத்து, பிறந்த குழந்தை யார் ஜாடை என்று பார்க்கிறவன் மாதிரி உள்ளே பார்த்தேன். எனக்கு அடையாளம் தெரிந்தது பேட்டரி மட்டும்தான். சும்மா நின்றால் கேவலம் என்று, டிக்கியிலிருந்த பாட்டிலை எடுத்து வைப்பர் தண்ணீரை நிரப்பினேன்.

"ஏனுங்ண்ணா, இப்ப கண்ணாடி கழுவறதுக்கா நிறுத்துனீங்க?" என்று தங்கை ஆரம்பித்தாள். "நீங்க ஓட்டற லட்சணம் தெரிஞ்சும் ஏறுனேன் பாருங்க!"

அதற்குள் பின்னால் ஒரு தனியார் டவுன் பஸ் முட்டுகிற மாதிரி வந்து நின்றது. எங்கள் ஊர் டவுன் பஸ்காரர்களுக்கு நிமிடம்தான் உயிர். பின்னால் வருகிற பஸ் நெருங்கிவிட்டால் அடுத்த ஸ்டாப்பில் ஆள் கிடைக்காது. அந்த டிரைவர் இறங்கி வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். திட்டு வாங்கத் தயாராக, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டேன்.

வந்தவர் காற்றை ஒருமுறை மோந்து பார்த்தார். பானெட் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உள்ள உக்காருங்ண்ணா. ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்துட்டு, மூணாவது கியர் போட்டு, கிளச்சை மெதுவா விடுங்க. வண்டி ஆஃப் ஆயிருச்சுன்னா கிளச்சு நல்லாருக்குதுங்க. ஆஃப் ஆகலீன்னா போச்சுங்க."

காலையிலிருந்து வண்டி ஆஃப் ஆகிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்தவன், "மாதாவே, ஆஃப் ஆக்கிரு" என்று வேண்டிக்கொண்டே கிளச்சை விட்டேன். முழுசாக விட்ட பிறகும் இன்ஜின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"கிளச் பிளேட் தேஞ்சிருச்சுங்க" என்றார். அவ்வளவுதான் வைத்தியம். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை.

பஸ் ஜன்னல்களில் எல்லாம் தலைகள். "அட, உள்ள பொண்ணு இருக்குது பாருங்க!" என்று ஒரு அம்மா கத்தினார். "சட்டுனு ஆகட்டுமுங்க, மாப்பிள மனசு மாறிப்போடும்!" என்று வேறொரு குரல். தங்கை மறுபடி என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

டிரைவர் முந்திக்கொண்டார். பஸ்ஸில் இருக்கிறவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். "அண்ணன் மேல தப்பில்லீங்க அம்மணி. பிளேட்டு பழசு, ஏத்தம் வேற. யாரு ஓட்டுனாலும் இப்படித்தான் ஆகுமுங்க."

பிறகு ஜன்னலுக்குள் தலையை விட்டு, என் இடது காலைப் பார்த்தபடி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "கிளச்சு மேலயே காலை வெச்சுட்டு ஓட்டறீங்களாட்ட இருக்குதுங்க. கீழ எறக்கி வெச்சுக்கங்க. இல்லீன்னா புதுசு போட்டாலும் தாங்காது."

குனிந்து பார்த்தேன். வண்டி நின்றுகொண்டிருக்கிறது, என் இடது கால் கிளச்சின் மேல் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. இருபது வருடப் பழக்கம்.

அப்புறம் எல்லாம் அவர் ஏற்பாடுதான். ஏ.சி.யை அணைக்கச் சொன்னார். பாரம் குறைய வேண்டுமென்று தங்கையையும் பூமாலைப் பெட்டிகளையும் பஸ்ஸில் ஏற்றினார். பட்டுச்சேலையோடு போனவளுக்கு முன் சீட்டில் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். சூடு கொஞ்சம் தணிந்ததும், "முதல் கியர்லயே போங்க. பூவை மிதிக்கற மாதிரி மிதிங்க. நான் பின்னாடியே வாரேனுங்க" என்றார்.

கார் முனகிக்கொண்டே ஏறியது. சர்ச் வரைக்கும் இருந்த ஒன்றரை கிலோமீட்டரும் நடக்கிறவர்கள் எங்களை முந்திப் போனார்கள். கண்ணாடியில் பார்த்தால், ஊரையே விரட்டிப் பழகிய பஸ் பெண் வீட்டு வண்டி மாதிரி அடக்கமாக எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை.

பத்து ஐம்பதுக்கு சர்ச் வாசல். தங்கையையும் மாலைகளையும் இறக்கிவிட்டு, நான் நன்றி சொல்ல ஓடி வருவதற்குள், "வாரேனுங்ண்ணா" என்று கையைத் தூக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார். பஸ் எண்ணைக்கூடக் கவனிக்கத் தோன்றவில்லை. பூசை ஆரம்பித்தபோது பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் பார்த்தார்கள். அந்த மனிதர் சொன்னதில் ஒரு எழுத்து மாறவில்லை. மோப்பம் பிடித்தும் ஒரே ஒரு சோதனை வைத்தும் அவர் அதைக் கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனத்தை இன்றும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி மாய்கிறேன். ஆனால் ராத்திரி படுத்தால் நினைவுக்கு வருவது அதுவல்ல. அத்தனை பேர் முன்னால் என் லட்சணத்தைப் போட்டு உடைத்திருந்தால் அவருக்குக் கைதட்டலே கிடைத்திருக்கும். அவரோ சமாதானத்தை ஊர் கேட்கச் சொன்னார், குற்றத்தை என் காதோடு சொன்னார். வீட்டிலும் என் கடையிலும் இத்தனை வருடமாக அதை நேர்மாறாகவே செய்து பழகிய எனக்கு, கிளச்சிலிருந்து காலை எடுப்பதைவிட அந்தப் பழக்கத்தை விடுவதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.