கொடித்துணியும் அம்மாவின் கடைசிப் பத்தும்

புதுத் துணியில் கத்தரிக்கோல் ஓடும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா பிள்ளைகளே? புதிதாகப் பழகுகிறவர்கள் கத்தரியைத் திறந்து திறந்து மூடி வெட்டுவார்கள். கைப்பழக்கம் உள்ளவர்கள் அதைப் பாதி திறந்து வைத்தபடி அப்படியே தள்ளிக்கொண்டு போவார்கள், துணி "சர்ர்ர்" என்று இரண்டாகப் பிரிந்து வழி விடும். என் சிறு வயதில் பங்குனி பிறந்தால், கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பகல் முழுக்க அந்தச் சத்தந்தான். கல்யாணங்கள், கோயில் திருவிழாக்கள், போதாததற்கு அந்த வருஷங்களில் ரம்ஜானும் சித்திரை வெயிலிலேயே வந்துகொண்டிருந்தது; ஆக, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் "ஜாக்கெட்டு" தேவைப்பட்டது, அதையெல்லாம் தைத்தவர் என் அம்மா.

அம்மாவின் மிஷின் கொல்லையைப் பார்த்த ஜன்னலோரம் இருந்தது. கொல்லை சின்னதுதான், ஆனால் அதில் ஒரு சாண் தரையைக்கூட அம்மா சும்மா விட்டதில்லை. அடிபம்பின் தண்ணீர் வழிகிற இடத்தில் புதினா, அதை ஒட்டிக் கொத்தமல்லி, வேலியில் பீர்க்கங்கொடி, மூலையில் மருதாணி, நடுவில் காய்த்துத் தொங்கும் ஒரு முருங்கை. அளவு கொடுக்க வருகிற பெண்கள் முருங்கையடியில் விரித்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, காத்திருக்கிற நேரத்தில் அம்மாவுக்குக் கொக்கி வைத்துக் கொடுப்பார்கள், எங்கள் வீட்டுச் சமையலுக்குக் கீரை ஆய்ந்து கொடுப்பார்கள், போகும்போது ஒரு பிடி புதினா கிள்ளிக்கொண்டு போவார்கள். ஊர்த்தெருப் பெண்களும் வருவார்கள், காலனிப் பெண்களும் வருவார்கள். இந்த இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒரே விரிப்பில் உட்கார்ந்து சிரித்துப் பேசியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இரண்டு பக்கத்தாருக்கும் அவர் "பாயம்மா".

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த அந்த வருஷம், இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக நடந்துகொண்டிருந்தது. படிப்பிலும் அரசு வேலையிலும் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று ஊர்த்தெருக்காரர்கள் கேட்டார்கள். காலமெல்லாம் மண்ணைக் கொத்தினவர்கள் கேட்டது நியாயமான பங்குதான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் சாலையில் புளியமரத்தை வெட்டிப் போட்டு, பஸ்ஸை நிறுத்தி, கோபம் தலைக்கேறி நிற்கும்போது, அந்தக் கோபம், யாரிடம் பங்கு கேட்க வேண்டுமோ அவர்களை விட்டுவிட்டுப் பக்கத்துத் தெருவின்மேல் திரும்பிவிடுகிறது. ஊர்த்தெருவும் காலனியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை நிறுத்திக்கொண்டன. பக்கத்துக் கிராமத்தில் யாருடைய வைக்கோல்போரோ எரிந்தது என்றார்கள். அப்போதும் எங்கள் கொல்லையில் ஜமுக்காளம் விரிந்துதான் இருந்தது. பெண்கள் முன்னைவிடக் கம்மியாகப் பேசினார்கள், அவ்வளவுதான், ஆனால் வந்தார்கள்.

இந்த நிலையில்தான் அத்தா, அதாவது என் அப்பா, ஒரு தவறைச் செய்தார். அத்தாவுக்குக் கடைத்தெருவில் சின்னதாக ஒரு "கட்பீஸ்" கடை. கரியாலூரிலிருந்து இறங்கி வருகிற மலை ஜனங்கள் உள்படப் பலரும் அவரிடம் துணி எடுப்பார்கள். காலையில் முதல் வியாபாரத்துக்கு வருகிறவரிடம், அதாவது "போணி"க்கு வருகிறவரிடம், "இல்லை" என்று சொல்லவே கூடாது என்பது கடைக்காரர்களின் பழக்கம். கேட்ட நிறம் கடையில் இல்லாவிட்டால்கூட அத்தா "வருதுங்க" என்பாரே தவிர இல்லையென்று சொல்ல மாட்டார். ஒருநாள் கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருக்கும்போது ஊர்த்தெரு முருகேசன் அண்ணன் வந்தார். ஊருக்கு வெளியே கரும்பு போட்டிருந்தவர், அத்தாவின் பழைய வாடிக்கை. கூடவே அவர் மச்சான், துடிப்பான இளைஞன். கையில் பெரிய துணிச்சுருள்.

"பாய், ஊர்வலம் வருது. பாயம்மா கையால கொடி தெச்சிக் குடுக்கணும். துணிய நாங்களே கொண்டாந்துட்டோம்" என்றார் முருகேசன் அண்ணன்.

போணி நேரம். அத்தாவின் வாய் தானாக "ஆவட்டுங்க" என்று சொல்லிவிட்டது.

கொடியின் நிறம் என்ன என்று கேட்காதீர்கள். சொன்னால் நீங்களும் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொள்வீர்கள். அன்று சாயங்காலம் அத்தா அந்தச் சுருளைக் கொண்டுவந்து பின்கட்டில் வைத்ததும் அம்மா மிஷினை நிறுத்தினார்.

"ஆவட்டும்னு சொல்லிட்டு இங்க கொண்டாந்து போட்டா இன்னா அர்த்தம்?"

"போணி நேரம் ஜைத்தூனு. வாய் தானா சொல்லிடுச்சு."

"வாய் சொல்லிடும். மிதிக்கப் போறது என் காலு இல்ல?"

அம்மா ஆணியில் மாட்டியிருந்த, இன்னும் தைக்காத பட்டு ரவிக்கைத் துணியைக் காட்டினார். காலனியில் இருந்த செல்லம்மா அக்காவின் மகள் அஞ்சலைக்கு மணலூர்பேட்டையில் மாப்பிள்ளை பார்த்து நாளும் குறித்திருந்தார்கள். அது அவளுடைய கல்யாண ரவிக்கை.

"நான் இந்தக் கொடியத் தெச்சேன்னா செல்லம்மா நாளைக்கு இந்தக் கொல்லைக்குள்ள கால வெப்பாளா? தெய்க்க மாட்டேன்னு சொன்னா நீங்க கடையத் தொறந்துகினு உக்காந்திருப்பீங்களா? சொல்லுங்க."

என் அக்கா ரஹ்மத்து எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. "ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடும்மா" என்றாள்.

"நோம்ப வெச்சிக்கினு பொய் சொல்லச் சொல்றியாடி?"

அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. துணிச்சுருள் சுவரோரம் கிடந்தது. யாராவது கொல்லைப் படலைத் திறந்தால் அக்கா ஓடிப்போய் அதன்மேல் ஒரு போர்வையைப் போடுவாள். வந்தவர் போனதும் எடுப்பாள். சொந்த வீட்டில் திருட்டுப் பொருளை வைத்துக்கொண்டிருப்பது போலிருந்தது எங்களுக்கு.

மறுநாள் விடிந்ததும் அம்மா, "நான் கடைசிப் பத்துக்கு உக்காரப் போறேன். உங்க அனுமதி வேணும்" என்று அத்தாவிடம் கேட்டார்.

ரம்ஜான் மாதத்தின் கடைசிப் பத்து நாளும் ஆண்கள் சிலர் பள்ளிவாசலிலேயே தங்கி வணக்கத்தில் இருப்பார்கள். அதற்கு "இஃதிகாப்" என்று பெயர். பெண்களாக இருந்தால் வீட்டிலேயே ஒரு மூலையைத் திரை கட்டி ஒதுக்கிக்கொள்ளலாம். அந்த மூலையை விட்டு அவசியத்துக்குத் தவிர வெளியே வரக்கூடாது, பிழைப்புக்கான வேலை எதையும் தொடக்கூடாது. அம்மா அதுவரை ஒரு வருஷமும் உட்கார்ந்ததில்லை. பெருநாளைக்கு முந்தின அந்த நாட்களில்தானே தையலே அதிகம்!

அத்தா கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "அனுமதி குடுத்துட்டேன். ஆனா ஒண்ணு கேக்குறேன், அல்லாவுக்காக உக்கார்றியா, இந்தத் துணிக்குப் பயந்து உக்கார்றியா?"

அம்மாவின் முகம் சுருங்கியது. அவர் மனதிலும் அதே கேள்விதான் உறுத்திக்கொண்டிருந்திருக்கும். "பயந்துதான்" என்றார். "பொய் சொல்ல மாட்டேன். இது சரியா தப்பான்னு எனக்கே புரியல."

அத்தா எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "பயந்தவ அவன்கிட்ட போவாம வேற எங்க போவா? உக்காரு."

பொழுது சாய்வதற்குள் மூலைக்குப் போய்விட வேண்டும். இருந்தது ஒரு பகல். அம்மாவின் முன்னால் மூன்று வேலை. முருகேசன் அண்ணன் மனைவியின் ரவிக்கை பாதியில் நின்றது. அக்காவின் பாவாடையும் என் சட்டையும், பெருநாளைக்காக வெட்டிய துண்டுகளாக ஒரு முடிச்சில் கிடந்தன. மூன்றாவது அஞ்சலையின் ரவிக்கை. நானும் அக்காவும் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா எங்களைப் பார்க்காமல் பட்டுத் துணியை எடுத்துக் கத்தரியை வைத்தார். "கல்யாணம் நமக்காவ நிக்காதுடா. பெருநாளு அடுத்த வருசமும் வரும்" என்றார். பிற்பகல் தொழுகையான அசருக்குப் பாங்கு சொல்லும்போது ரவிக்கை ஆணியில் தொங்கியது. அதற்குக் கொஞ்ச நேரத்தில் பழைய சேலையால் கட்டிய திரைக்குப் பின்னால் அம்மா போய்விட்டார். மிஷினின்மேல் துணி போட்டு மூடினோம்.

அதன்பிறகு வீடு எங்கள் மூவர் கையில். நான் பாத்திகளுக்குத் தண்ணீர் விட்டேன், அக்கா வீட்டு வேலை, கஞ்சி அத்தாவுடையது. போராட்டத்தால் கடைத்தெரு அடைப்பில் இருந்ததால் அவர் நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தார். நோன்புக் கஞ்சிக்கு நொய்யும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் போட்டு வேகவைத்து, புதினா தூவி, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்க வேண்டும். நொய் தீர்ந்ததும் மலையிலிருந்து வந்த சாமையைப் போட்டார் அத்தா. அதற்குத் தண்ணீர் எவ்வளவு, தீ எவ்வளவு என்பதொன்றும் அவருக்குத் தெரியாது. "ஜவுளி மாதிரி அளந்து போட்டா வெந்துடுமா அத்தா?" என்று அக்கா கிண்டல் செய்வாள்.

துணிச்சுருளைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க அத்தாவுக்குத் துணிச்சல் வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தார். ஆகவே அவர்களே வந்தார்கள்.

நான் பாத்தியில் இருந்தேன். முருகேசன் அண்ணனும் மச்சானும் நேராகப் பின்கட்டுக்கே வந்துவிட்டார்கள். அடுப்பருகே இருந்த அத்தா கரண்டியோடு எழுந்து நின்றார்.

"இன்னா பாய், கொடி ஆயிடுச்சா?"

"இல்லீங்க… அவங்க வணக்கத்துல உக்காந்துட்டாங்க. பெருநாளு வரைக்கும் மிஷின்ல கால வெக்க மாட்டாங்க."

மச்சான் மூடிய மிஷினைப் பார்த்தான். சுவரோரம் பிரிக்காமல் கிடந்த சுருளைப் பார்த்தான். பிறகு ஆணியில் தொங்கிய பட்டு ரவிக்கையைப் பார்த்தான். அடைப்பு நாட்களில் காலனியிலிருந்து யாரும் வெளியே வராததால் அது அங்கேயே இருந்தது.

"அது யாருது?"

"செல்லம்மா பொண்ணு கல்யாணத்துக்குங்க" என்றார் அத்தா.

"காலனிக் கல்யாணத்துக்குத் தைக்க நேரம் இருக்குது, நம்ம கொடிக்கு மட்டும் வணக்கம் வந்துடுச்சா? வேணும்னே பண்றாங்க மாமா!"

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து "டப், டப்" என்று கை தட்டும் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினோம். மறுபடியும் தட்டல்.

"பாருங்க, உள்ளயிருந்து கைதட்றாங்க. நம்மளப் பார்த்துத்தான்" என்று மச்சான் திரைப்பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தான். முருகேசன் அண்ணன் அவன் கையைப் பிடித்தார்.

அக்காதான் பேசினாள். "தொழுதுகினு இருக்கும்போது பேசக்கூடாதுண்ணே. எதுனா தப்பு நடந்தா பொம்பளைங்க கைதட்டித்தான் சொல்லணும்." மூக்கை உறிஞ்சினாள். "அத்தா, கஞ்சி அடி பிடிக்குது!"

உண்மைதான், சாமை கருகும் வாடை அதற்குள் கொல்லைக்கே வந்துவிட்டது. அத்தா பாத்திரத்தைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அக்கா அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கிவிட்டு, உள்ளே போய் அந்த முடிச்சை எடுத்துவந்து அவர்கள் முன்னால் அவிழ்த்தாள். கையில்லாத சட்டைத் துண்டுகளும், மடிப்பு வைக்காத பாவாடைத் துணியும் தரையில் சரிந்தன.

"இது எங்க பெருநாள் துணி. எங்களுக்கே தெய்க்கல. அந்த ஜாக்கெட்டு எங்கம்மா உக்கார்றதுக்கு முன்னாடி முடிச்சது. உங்க வூட்டு அண்ணியுதும் பாதியிலதான் நிக்குது, காட்டட்டுமா?"

முருகேசன் அண்ணன் குனிந்து என் சட்டையின் முதுகுத் துண்டை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அதை அக்காவின் கையிலேயே கொடுத்தார்.

"சொந்தப் புள்ளைக்குத் தெய்க்காத பொம்பளைய எழுப்பி நமக்குத் தெய்யின்னு சொல்றதா? சுருளத் தூக்குடா" என்றார் மச்சானிடம்.

"மாமா…"

"தூக்குடான்றேன்."

மச்சான் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனான். முருகேசன் அண்ணன் அத்தாவின் அருகில் வந்து, எனக்குக் கேட்கும்படியாகத்தான், "எனக்குப் புரியாமயில்ல பாய். நீ அன்னிக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். நான் ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டேன்" என்றார். அத்தா தலையாட்டினார். அவர் சொன்னது நிஜமா என்பது அத்தாவுக்கும் தெரியாது, ஒருவேளை முருகேசன் அண்ணனுக்கும் தெரியாது.

அன்று நாங்கள் கருகின கஞ்சியில்தான் நோன்பு திறந்தோம். கொடிகளை வேறு யாரோ தைத்தார்கள், ஊர்வலமும் போயிற்று. செல்லம்மா அக்கா கொல்லைப் படல் வழியாக வந்து ரவிக்கையை முந்தானைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போனார். பெருநாளன்று நானும் அக்காவும் துவைத்த பழைய துணியில் மருதாணிக் கையோடு நின்றோம்.

ஜமுக்காளத்தை அம்மா மறுபடி விரித்தார். ஆனால் முருகேசன் அண்ணன் மனைவி வந்தால் செல்லம்மா அக்கா படலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் பிறகு வருகிறேன் என்று போய்விடுவார். செல்லம்மா அக்கா இருந்தால் அந்த அண்ணி திரும்பிவிடுவார். இருவரும் ஒன்றாக உட்கார அடுத்த முருங்கைப் பருவம் வரவேண்டியிருந்தது. அந்த ரம்ஜானிலும் அதற்குப் பின் வந்த ஒவ்வொரு ரம்ஜானிலும் அம்மா கடைசிப் பத்துக்கு உட்கார்ந்தார். யாரும் கொடி தைக்கச் சொல்லாத வருஷங்களிலும் உட்கார்ந்தார். வளர்ந்தபின் ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "மொத வருசம் அவனுக்காக உக்காரல இல்ல? அதுக்குப் பதிலுக்கு" என்றார்.

அம்மா இப்போது இல்லை. கள்ளக்குறிச்சியில் ஊர்வலங்கள் இன்றும் போகின்றன. எங்கோ அச்சடித்த கொடிகள் மூட்டை மூட்டையாக லாரியில் வந்து இறங்குகின்றன. எந்தத் தையற்காரியின் வீட்டுக்கும் போய் யாரும் கேட்க வேண்டியதில்லை. அதனால் ஊர்வலம் போகிற வழியில், ஒரு பிள்ளையின் தைக்காத சட்டைத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்து நிற்க வேண்டிய அவசியமும் யாருக்கும் வருவதில்லை.