சேவியர் மாமா பேரை அகலமாக்குன கதை

புது வூடு குடிபோறோம். அதுக்கு பேனர் அடிக்க இன்னிக்கு நல்லம்பள்ளி ஃபிளெக்ஸ் கடைக்குப் போயிருந்தேன்.

டிசைன் பண்ற ஷபானா அக்கா, கம்ப்யூட்டர்ல எங்க மாமா "சேவியர்" பேரைப் பிடிச்சு ரெண்டு பக்கமும் இழுத்தாங்க. எழுத்தெல்லாம் லாரி ஏறுன மாதிரி சப்பையாயிடுச்சு.

"ஏன்க்கா இப்படி இழுக்கறீங்க?"

"பக்கத்துல அவரு தம்பி பேரு அந்தோணிசாமின்னு நீளமா இருக்குதுங்களே. அண்ணன் பேரு சின்னதா இருந்தா விசேஷத்துக்கே வரமாட்டாருங்க. எத்தனை பேனர் பாத்திருக்கேன்."

நெசந்தான். எங்க மாமா அப்படிப்பட்ட ஆளு.

புதுசா வந்த இலவச தமிழ் ஃபான்ட் ஒண்ணு என் போன்ல இருந்துச்சு. அதுல எழுத்து நசுங்காமயே அகலமாக்கலாம், ஒல்லியாக்கலாம். அக்கா சிஸ்டத்துல ஏத்திக் குடுத்தேன். மாமாங்க ரெண்டு பேரோட பேரும் அவங்கவங்க போட்டோவுக்குக் கீழ ஒரே அகலத்துல, லட்சணமா வந்து உக்காந்துச்சு.

அக்கா அதை அப்படியே சேவ் பண்ணாங்க. "இனிமே எல்லா பேனரும் இதுலதாங்க. பாதி சண்டை தீந்துரும்."

சந்தோஷமா பேனரை மாமாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புனேன். உடனே பதில் வந்துச்சு.

"பேரு சூப்பர் மாப்ள. போட்டோவுலதான் தம்பி என்னை விட அகலமா இருக்கான்."

இதுக்கு ஏதாச்சும் ஃபான்ட் வந்திருக்குதாங்க?