புறங்கையும் எலி முதுகும்

ஆய்வகத்தில் அவளைக் கத்திக்காரி என்றுதான் சொல்வார்கள். எலித்தோலை மெழுகில் புதைத்து, வெங்காயச் சருகும் தோற்றுப்போகும்படி சீவி, கண்ணாடித் துண்டில் ஏற்றிச் சாயம் போடுவது அவள் வேலை. முதல் எலியைக் கையில் கொடுத்தபோது மயங்கி விழுந்தவளும் அவள்தான். தப்பிய எலியைப் பிடிக்க அன்று ஆய்வகமே மேசைக்கடியில் தவழ்ந்தது.

கணவனுக்கு அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வேலை. ஆல்பாக் கதிர் வீசும் கரைசலைத் தடவிச் சிறு வில்லைகளை அவன் தயாரிப்பான். எலி முதுகில் முடியை மழித்துவிட்டு, அந்த வில்லையைத் தோலோடு ஒட்டி வைப்பார்கள். ஆல்பாக் கதிருக்கு வேகம் உண்டு, தூரம் போகத் தெம்பில்லை. ஒரு தாள் குறுக்கே வந்தாலே நின்றுவிடும். உயிருள்ள தோலில் அது எவ்வளவு இறங்கும், என்ன கெடுக்கும் என்பதுதான் ஆராய்ச்சி.

ஒருநாள் கணவனின் கையுறை கிழிந்து, கதிர்க்கரைசல் புறங்கையில் பட்டுவிட்டது. கிழிசலைக் கவனிப்பதற்குள் நேரம் ஓடியிருந்தது. கழுவித் துடைத்த மருத்துவர், "உள்ள போகல. தோல் என்ன ஆகுதுன்னு பொறுத்துத்தான் பார்க்கணும்" என்றார்.

அவளால் பொறுக்க முடியுமா? வில்லை வைத்த எலிகளின் தோல் அவள் மேசையில் தயாராக இருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. படியிறங்கி ஓடினாள்.

"எலிக்கு ஒண்ணுமே ஆகலைங்க!"

"அதனால எனக்கும் ஆகாதா? நல்ல சம்பந்தம் பண்ணி வச்ச போ."

அன்று அவள் முகத்தில் தெளிவு வந்தது. மறுநாள் காலை, விடுப்பில் இருந்த கணவன் தேநீர் வாங்கக் கை நீட்டியபோது அவன் தாடையைப் பார்த்தாள்.

"சவரம் பண்ணலையா?"

"கை இப்படி இருக்கு. யாரு பார்க்கப் போறா?"

சொரசொரவென்று நின்ற அந்த முடியைப் பார்த்ததும் அவளுக்கு அந்த எலிகளின் முதுகு நினைவுக்கு வந்தது. எலிகளுக்கு முடி மழித்தவள் அவள்தான். வில்லை வரச் சில நாள் தாமதமானது. மறுபடி மழித்தால் தோல் கீறிவிடுமே என்று, முளைத்திருந்த முடிமேலேயே வைத்துவிட்டாள். கதிரையெல்லாம் முடியே வாங்கிக்கொண்டிருக்கும். தோலுக்கு ஒன்றும் போயிருக்காது.

எல்லோரும் அம்மா என்று அழைக்கும் தலைமை ஆய்வாளரிடம் போய் உள்ளதைச் சொன்னாள்.

"அடிப்பாவி, எலிக்குப் போர்வையைப் போத்திட்டு வெயில் சுடலைன்னு சொல்லியிருக்கியே!"

"திரும்பச் செய்யறேன்மா. அன்னைக்கே மழிச்சு, அன்னைக்கே வைக்கிறேன்."

இம்முறை ஒவ்வொரு முதுகையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டே வைத்தாள். தோல் சிவந்தது, உரிந்தது. வீட்டில் கணவனின் புறங்கையும் சிவக்கத் தொடங்கியிருந்தது. முடிவு தெரிந்தபின்தான் அவனிடம் சொல்வது என்று வைத்துக்கொண்டாள்.

இம்முறை முதலில் எடுத்துச் சீவிய துண்டுகளில் மேல்தோல் சிதைந்து கிடந்தது. சில நாள் கழித்து எடுத்த தோலையும் சீவினாள். சாயம் ஏறியதும் பார்த்தாள். முடிக்குழிகளின் ஓரத்தில் கருநீலமாய்ப் புதுச் செல்கள், கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருவதுபோல் மேலே படர்ந்திருந்தன. முடியின் வேர் இருக்கும் ஆழம்வரை கதிர் எட்டவேயில்லை.

ஒருமுறை சூடு கண்டவள் ஆயிற்றே. ஓடாமல் அம்மாவைக் கூப்பிட்டாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இந்தத் தடவை போர்வை இல்ல. போ, போய்ச் சொல்லு."

கணவனிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. "தோல் உரியும்ங்க. எரியும். ஆனா முடிவேர்லேருந்து புதுசா வரும்போல இருக்கு. எலியில வந்திருக்கு."

"முடியிலேருந்தா? அப்ப எனக்கென்ன கவலை? என்னுது கரடிக் கையாச்சே!"

சொன்னபடியே உரிந்தது. ராத்திரியெல்லாம் எரிந்தது. தினமும் காலையில் கட்டை அவிழ்த்து மருந்து போடுவது அவள் பொறுப்பானது. ஒரு காலை, பச்சைப் புண்ணின் நடுவே, முடி இருந்த இடங்களில் இளஞ்சிவப்பாய்ப் பொட்டுப் பொட்டாக ஏதோ தெரிந்தது. லென்ஸை எடுத்துவந்து மூச்சை அடக்கிக் குனிந்தாள்.

"என்னடி, என்னை எலின்னு நெனைச்சிட்டியா?"

"ஆடாதீங்க," என்றாள். "வருது."