ஐந்தாவது கைநாட்டு

கிளாஸ்கோவில் நான் வேலை பார்க்கும் சமரச நிலையத்தில் நான்கு பேர் பேசுவதற்கு ஏழு நாற்காலிகள் போடுகிறார்கள். பதினெட்டு ஆண்டுகளாக எண்ணுகிறேன், ஏழுதான். வருகிறவர் தம் இடத்தைத் தாமே தேர்ந்துகொள்ள வேண்டுமாம். நேற்றுக் காலை கேட்டி என்ற பெண் வந்தாள். மாடிவீட்டுக்காரன் ஆறு மாதமாக அவள் கதவை உதைத்து மிரட்டியிருக்கிறான். அவனும் வந்திருந்தான். அவள் வாசலை ஒட்டி உட்கார்ந்தாள். குளிர்காற்று முழங்காலைக் கடித்ததால் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். உடன் வேலை பார்க்கும் மோரா மீண்டும் திறந்துவைத்தாள். குளிருமே என்றேன். வெளியே போகும் வழி கேட்டியின் கண்ணுக்குத் தெரியட்டும் என்றாள். பயிற்சியில் நான் படித்துத் தேறிய பாடம்தான், கைக்கு மறந்துவிடுகிறது.

சன்னலில் மூடுபனி இறங்கியது. அது கல்வராயன் மலையடிவாரப் பனியாகி, நான் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் தாலுகா அலுவலகக் குமாஸ்தாவாக இருந்த நாட்களுக்குப் போய்விட்டேன். இடஒதுக்கீடு கேட்டுச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்ட ஆண்டுகள் அவை. அலுவலகத்துக்கு மிதிவண்டியில் போகும் வழியில் ஒருநாள் பதினொரு புளியமரங்களைத் தாண்டினேன். அந்தக் கலவரத்தில் ஒரு காலனியில் வீடுகள் எரிந்தன. பிறகு அமைதிக் கூட்டம். இனி வம்புக்குப் போகமாட்டோம் என்று தரப்புக்கு ஐந்து பேர் ஒப்பமிடுவது எங்கள் வழக்கம். காலனித் தரப்பில் நால்வர்தான் வந்திருந்தார்கள். ஓரமாக நின்றிருந்த அஞ்சலையை நான்தான் கூப்பிட்டேன். வீடு எரிந்தவள், புகார் கொடுத்தவள்.

“நான் இன்னா சார் பண்ணேன்? எரிஞ்சது என் வூடு. வம்புக்குப் போவமாட்டேன்னு நான் எதுக்கு எழுதிக் குடுக்கணும்?”

“ஒரு ஆளு கம்மிம்மா. கணக்குக்குத்தான்.”

எதிர்த் தரப்பில் ஒருவன் சிரித்தான். “கைநாட்டு வெய்யி அஞ்சல, டீ ஆறிக்கினு கீது.”

வைத்தாள். இரு தரப்பும் சமாதானமாகிவிட்டதால் மேல்நடவடிக்கை தேவையில்லை என்று அவள் புகார் அந்தக் காகிதத்தோடு முடிந்துபோனது. அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை.

என் மனைவிக்கு இங்கே செவிலியர் வேலை கிடைத்துப் புறப்படுவதற்கு முந்தைய வாரம் அஞ்சலையைத் தேடி மலையேறினேன். வெள்ளிமலைச் சந்தையில் கடுக்காய் விற்றுக்கொண்டிருந்தாள். புகாரை மறுபடி எடுக்கச் சொல்லி மனு எழுதித் தருவதாகச் சொன்னேன்.

“அதுக்கு எத்தினி பேரு வேணும் சார்?” என்றாள். “சீமைக்குப் போறீங்களாமே. அங்கயாவது ஆளு கம்மியானா கம்மியாவே எழுதுங்க.”

மனு எழுதவே இல்லை. அவள் காய்களைக் குவிக்கத் தொடங்கினாள்.

மோரா என் தோளைத் தொட்டாள். மாடிக்காரன் ஒப்பமிட்டிருந்தான். இருவரும் இனி ஒருவருக்கொருவர் தொல்லை தருவதில்லை என்றது காகிதம். கேட்டி அதை இருமுறை படித்தாள். நான் அவனுக்குத் தொல்லை தரவில்லையே என்றாள், எழுந்து போய்விட்டாள். பின்னாலேயே போய் இரண்டு படி இறங்கினேன், ஒரு கையெழுத்துதானே என்று சொல்வதற்கு. மூன்றாவது படியில் நின்றேன்.

திரும்பி வந்து, ஒரு தரப்பு மட்டுமே ஒப்பமிட்டது, சமரசம் ஏற்படவில்லை, கேட்டியின் புகார் நிலுவையில் இருக்கிறது என்று அறிக்கை எழுதி நீட்டினேன். மோரா அதைப் பார்த்துவிட்டு, இது எந்த ஊர் என்று கேட்டாள். இடம் என்ற கட்டத்தில் கள்ளக்குறிச்சி என்று எழுதியிருக்கிறேன், தமிழில். அடித்துவிட்டு மேலே கிளாஸ்கோ என்று எழுதினேன். ஒரு கோடுதான் போட்டேன். இரண்டையும் படிக்க முடிந்தது.