இருபத்து மூணு குத்துச்சண்டைப் புத்தகங்களும் அறுப்பின் பண்டிகை ஏலமும்

புத்தகம் இரவல் கொடுக்கிற உத்தியோகத்தில் ரெண்டு வயிற்றெரிச்சல் உண்டு: கொடுத்த புத்தகம் திரும்பி வராவிட்டால் ஒன்று, யாருமே கேட்காமல் அலமாரியில் கிடந்தால் இன்னொன்று. என்னைப் போல இரவல் கொடுத்தே வயசாகிப் போனவர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், என் கதை உங்களுக்குத்தான் புரியும்.

சித்தூரில் ஜில்லா கோர்ட்டுக்குப் பின்னால் எங்கள் மிஷன் சபை வாசகசாலையில் எனக்கு வேலை. டீச்சர் ட்ரெயினிங் பரீட்சையில் ரெண்டு தரம் ஃபெயிலான பெண்ணுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? நான் சேர்ந்த வருஷம், ரேணிகுண்டாவில் ரயில்வே வேலை பார்த்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது ஒரு தகரப் பெட்டியை எங்களுக்கு அனுப்பிவிட்டுப் போனார். திறந்தால் இருபத்து மூணு புத்தகம். அத்தனையும் குத்துச்சண்டை! மற்ற அலமாரிகளில் பிரசங்கத் தொகுதியும் விவசாய இலாகா ரிப்போர்ட்டும்தான். நான் எதைப் படிப்பேன், நீங்களே சொல்லுங்கள்.

இருபத்து மூணையும் படித்தேன். வாழ்க்கையில் ஒரு குத்துச்சண்டைகூடப் பார்த்ததில்லை, ஆனால் யார் யாரை எத்தனையாவது ரவுண்டில் சாய்த்தார் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவேன். அலமாரியில் மேல் தட்டு ஜெயித்தவர்களுக்கு, கீழ்த் தட்டு தோற்றவர்களுக்கு. யார் வந்தாலும் என் முதல் கேள்வி, "ஜெயிக்கிற புஸ்தகமா, தோக்கிற புஸ்தகமா?" ஒரு ரகசியம் சொல்கிறேன், தோற்கிற புத்தகத்தை எடுங்கள். ஜெயித்தவனுக்கு வேறு யாராவது எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். தோற்றவன் தானே உட்கார்ந்து எழுதுகிறான். அவனுக்கு நேரமும் இருக்கிறது, சொல்ல விஷயமும் இருக்கிறது.

ஐயா போட்ட குண்டு

எங்கள் கமிட்டி காரியதரிசி ஜேம்ஸ் ஐயா, ரிடையரான ஹெட்மாஸ்டர். ஒருநாள் அலமாரியைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். மறு கன்னத்தைக் காட்டச் சொல்லும் வேதத்துக்குப் பக்கத்தில் மூக்கை உடைக்கிற புத்தகமா என்று கமிட்டியில் பேசி, இருபத்து மூணையும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் விற்பதாகத் தீர்மானம் போட்டுவிட்டார். பண்டிகைக்கு மூணு வாரம்தான் இருந்தது.

அந்த ஏலத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சபையார் கோழி, பூசணிக்காய், நெல், முட்டை என்று முதல் பலனைக் கொண்டுவந்து வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம். ஊரே கூடும், சபையில் இல்லாதவர்களும் வருவார்கள். உங்கள் கோழி கம்மி விலைக்குப் போனால் வருஷம் பூராவும் தலை நிமிர முடியாது. அதற்காகவே சொந்தக்காரர்கள் நின்று விலையை ஏற்றி விடுவார்கள். ஆனால் என் புத்தகங்களுக்கு ஏது சொந்தக்காரர்? பொரிகடலைக்காரர்தான் பக்கத்தைக் கிழித்துப் பொட்டலம் கட்ட எடுத்துக்கொண்டு போவார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த ஊரில் எனக்கு இருந்த கூட்டாளிகள் அந்த இருபத்து மூணு பேர்தான். ஐயாவிடம் கெஞ்சியும் பார்த்தேன். அவர் சொன்னார்: "கிரேஸ், சபைக் கூரைக்குக் கீழே சமாதானம்தான் இருக்கணும். குத்து வேணும்னா ஏலத்துல எடுத்துக்கிட்டுப் போய் அவங்கவங்க வீட்டுல குத்திக்கட்டும்."

ரத்தம் வராத புத்தகம்

அப்போதுதான் சுவரில் தொங்கிய விதிப் பலகை கண்ணில் பட்டது. எட்டாவது விதி: இரவலில் போன புத்தகம் திரும்பி வரும்வரை கமிட்டி அதைத் தொடக்கூடாது. இரவலுக்கு ஒரு மாசம் தவணை. அப்பாடா! பண்டிகைக்குள் இருபத்து மூணையும் வெளியே அனுப்பிவிட்டால் ஏலத்துக்கு ஐயா எதை வைப்பார்?

முதலில் அகப்பட்டவர் ஏட்டு வெங்கடசாமி. கோர்ட்டு டூட்டி, நிழலுக்காக உள்ளே வந்து உட்காருகிறவர். புத்தகத்தை நீட்டியதும், "ரக்தம் வத்தம்மா!" என்று, ரத்தமே வேண்டாமென்று தெலுங்கில் அலறிக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த மீசைக்குள் இவ்வளவு பயமா! நான் விடவில்லை. ஒருவராலும் அடிக்க முடியாமல், சும்மா ஒதுங்கி ஒதுங்கியே ஜெயித்த ஒரு மெலிந்த மனிதரின் கதையைக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து வந்தவர், இன்னும் ஒரு மாசம் வேண்டும் என்றார். தாராளமாக என்றேன். வாசற்படியில் நின்று பெருமூச்சு விட்டார்: "நகர்ந்து போறதுல இவ்ளோ மரியாதை இருக்குதுன்னு தெரியாம, சர்வீஸ் பூரா எல்லாரையும் துரத்திக்கினே இருந்துட்டனேம்மா!"

பத்தொன்பது வருஷம்

புத்தலப்பட்டு முனுசாமி, நிலத் தகராறுக்காகக் கோர்ட்டுக்கு வருகிறவர். வருவார், வாய்தா வாங்குவார், பஸ்ஸுக்கு நேரமாகும்வரை எங்கள் பெஞ்சில் படுப்பார். எழுத்து வாசனை கிடையாது. ஆனால் அவருடைய வக்கீல் குமாஸ்தா இங்கிலீஷ் படித்தவர், காத்திருக்கிற நேரத்தில் படித்துச் சொல்லுவார். முனுசாமிக்கென்றே ஒன்று வைத்திருந்தேன். கையுறை இல்லாத அந்தக் காலத்தில், இத்தனை ரவுண்டு என்று கணக்கில்லாமல், ஒருவர் எழுந்திருக்க முடியாமல் போகும்வரை நடந்த ஒரு சண்டையைப் பற்றியது. காலையில் ஆரம்பித்து மத்தியானம் தாண்டியும் நடந்தது என்று நான் கண்ணை விரித்துக்கொண்டு சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "மத்தியானமே முடிஞ்சிடுச்சா? எங்க நைனா போட்ட கேஸு பத்தொன்பது வருசமா நடந்துக்கினு இருக்குது, இன்னும் ஒருத்தனும் கீழ விழலம்மா" என்றார்.

தலையைக் கொடுக்கிறவர்

திருப்பதி மலையில் பக்தர்களுக்கு முடி எடுக்கிற சுப்பராயுலு, மகளைச் சித்தூரில் கொடுத்திருந்ததால் மாசம் ஒரு தரம் வருவார். எழுத்தைப் பார்க்க மாட்டார், படம்தான். படம் நிறைய உள்ள புத்தகத்தைக் கொடுத்தேன். பக்கம் பக்கமாக மண்டையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு படத்தில் விரலை வைத்து, இந்த ஆள் ஜெயித்திருக்க மாட்டான் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிஜமாகவே அந்த மனிதர் என் கீழ்த் தட்டுக்காரர்! எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "எவ்ளோ ஆசையா வகிடு எடுத்து வாரியிருக்கான் பாரு. தலையக் கொடுக்க மனசு வரணும்மா, மலையிலயும் சரி, சண்டையிலயும் சரி."

எதிராளி படிக்காத பக்கம்

ரேணிகுண்டா ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் ஆபிரகாம் மட்டும் நிஜமாகவே குத்துச்சண்டை போடுகிற பிள்ளை. அரக்கோணத்து ஆளோடு ஒரு பந்தயம் வைத்திருந்தார்கள். தோற்கிற புத்தகம் வேண்டவே வேண்டாம் என்றார். சரி என்று மேல் தட்டிலிருந்து, எந்தக் காலை எங்கே வைக்கணும், இடது கை எப்போது போகணும் என்று படிப்படியாகச் சொல்லும் ஒரு சாம்பியனின் சரித்திரத்தைக் கொடுத்தேன். ஆபிரகாம் அதை ஞானோபதேசம் மாதிரி மனப்பாடம் பண்ணினார்.

பந்தயத்துக்கு மறுநாள் ஒரு கண் மூடி, உதடு பூரி மாதிரி உப்பி வந்து நின்றார். நான் சிபாரிசு செய்த புத்தகம் ஆயிற்றே! புத்தகத்தில் தப்பா என்று கேட்டேன். உப்பிய உதட்டோடு ரொம்ப நியாயமாகப் பதில் சொன்னார்: "புஸ்தகம் சரிதான்க்கா, நான் நூத்திப் பத்தாம் பக்கம் வரைக்கும் அப்படியே பண்ணேன். அந்த அரக்கோணத்துக்காரன்தான் அதைப் படிக்காம வந்துட்டான்."

போகும்போது கீழ்த் தட்டிலிருந்தும் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு லாபம்.

துடைக்கிறவர்

மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் ராகேல் சண்டைக் கதை என்றாலே காதைப் பொத்திக்கொள்கிறவள். அவளுக்கு, சண்டை போடாமல் மூலையில் வாளியும் துணியும் வைத்துக்கொண்டு நின்ற ஒரு மனிதரின் நினைவுகளைக் கொடுத்தேன். ரவுண்டு முடிந்து ஒரு நிமிஷத்துக்குள் ரத்தத்தை நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, தைரியம் சொல்லி மறுபடியும் அனுப்புகிற வேலை அவருடையது. முப்பது வருஷம் அப்படியே. பேரும் கிடையாது, பதக்கமும் கிடையாது.

மூணாம் நாள் டூட்டிக்குப் போகிற வழியில் வந்தாள். கண் சிவந்திருந்தது. "அடிக்கிறவங்க கதை நிறைய இருக்கு கிரேஸு. துடைக்கிறவங்களுக்கும் ஒரு கதை இருக்குன்னு எனக்கு இவ்ளோ நாளா யாரும் சொல்லலையே" என்றாள்.

கடைசி ஒன்று

இப்படியே போஸ்ட் மாஸ்டருக்கு மூணு, காபி கிளப்பு முதலாளிக்கு ரெண்டு, என்று தள்ளிவிட்டு இருபத்து ரெண்டு ஆயிற்று. மிச்சம் இருந்தது கீழ்த் தட்டில் ஒரு மெல்லிசுப் புத்தகம். ஏறின சண்டை எல்லாம் தோற்று, கடைசியில் பழக்கடை வைத்த ஒருவர் எழுதியது. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு தோல்வி, ஒவ்வொன்றையும் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். ட்ரெயினிங் பரீட்சையில் நான் மூணாம் தரமும் ஃபெயிலான வாரம், சாப்பிடாமல் படுத்திருந்த என்னை எழுப்பி உட்கார வைத்தது அந்த மனிதர்தான். அவரைப் பிறத்தியார் வீட்டுக்கு அனுப்ப மனசு வரவில்லை. என் பேரிலேயே இரவல் எழுதி, பையில் போட்டுக்கொண்டேன். அலமாரி சுத்தமாகக் காலி. எட்டிப் பார்த்த கூட்டுகிற அந்தோணியம்மாள், "என்னாம்மா, திருடன் பூந்துட்டானா, இல்ல சனங்களுக்குப் புத்தி வந்துடுச்சா?" என்றாள்.

பூசணிக்காய்க்கு மேலே

பண்டிகை நாள். ஏல மேஜைக்குப் பக்கத்தில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. புத்தகம் எங்கே என்று ஐயா கேட்டார். எட்டாவது விதியை ஒப்பித்தேன். அவர் பல்லைக் கடித்தார்.

அந்த நேரம் பார்த்து ஏட்டு வெங்கடசாமி கேட்டைத் தாண்டி வந்தார். கையில் ஒரு பூசணிக்காய், அதன் மேலே என் புத்தகம்! பின்னாலேயே முனுசாமி, சுப்பராயுலு, ராகேல், ரேணிகுண்டாவிலிருந்து ஆபிரகாம், இரவல் வாங்கிய மற்ற எல்லாரும். ஒவ்வொருவராக வந்து மேஜையில் புத்தகத்தை வைத்தார்கள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன், கையை ஆட்டினேன். ஏட்டு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்துச் சலாம் போட்டார். விஷயம் என்னவென்றால், "கிரேஸம்மா புக்கெல்லாம் ஏலத்துக்கு வருதாம், கம்மி விலைக்குப் போனா அம்மாவுக்கு எவ்ளோ அவமானம்!" என்று அவர்தான் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார். கோழிக்குச் சொந்தக்காரர்கள் நிற்கிற மாதிரி எனக்காக இவர்கள் நிற்க வந்திருக்கிறார்கள்! திரும்பி வந்த புத்தகத்தை எந்த விதி காப்பாற்றும்? என் மூணு வார உழைப்பு பூசணிக்காயோடு மேஜையில் இருந்தது.

ஐயா உற்சாகமாக ஆரம்பித்தார். என் புத்தகங்களில் கீழே விழுந்தவனுக்குப் பத்து எண்ணுவார்கள். ஐயா மூணுதான் எண்ணினார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! இருபத்து ரெண்டும் என் கண் எதிரே போயின. அவரவர் புத்தகத்தை அவரவரே எடுத்தார்கள். ஏட்டு எட்டணா என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. உடனே ஒரு ரூபாய் என்று கத்தினார். எட்டணா கேட்டதும் நீங்கள்தானே என்று ஐயா முழித்தார். ஏட்டு மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "அவுனு சார், நேனே. ஆனா அது அம்மா புக்குக்கு ரொம்பக் கம்மி!"

திங்கட்கிழமை

திங்கட்கிழமை காலி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பத்து மணிக்கு ஏட்டு வந்தார். தன் புத்தகத்தை மேல் தட்டில் வைத்தார். வீட்டில் எலித் தொல்லையாம், இங்கேயே இருக்கட்டுமாம், தனக்கு அந்த முனுசாமி புத்தகம் வேண்டுமாம். மத்தியானம் முனுசாமி வந்து தன்னுடையதை வைத்துவிட்டு, மண்டைப் படம் பார்க்கணும் என்றார். வாரக் கடைசிக்குள் இருபத்து ரெண்டும் வந்துவிட்டன. முதல் பக்கத்தில் அவரவர் பேர் எழுதியிருந்தது. முனுசாமியும் சுப்பராயுலுவும் மட்டும் கைநாட்டு.

ஜேம்ஸ் ஐயா வந்து பார்த்து மலைத்துப் போனார். "இதெல்லாம் சபைச் சொத்து இல்லைங்கய்யா, நீங்களே மூணு தரம் சொல்லி வித்தது. சொந்தக்காரங்க இங்க வெச்சிருக்காங்க, கமிட்டி தொட முடியாது" என்றேன். அவர் ஒவ்வொரு பேராகப் படித்தார். பிறகு துரை பெட்டியோடு அனுப்பிய பழைய புத்தக ஜாபிதாவையும் இரவல் நோட்டையும் எடுத்து விரல் விட்டு எண்ணிவிட்டு, என் பையைப் பார்த்தார். "அப்போ உன் பேர்ல இரவல்ல இருக்கிற அந்த இருபத்து மூணாவது மட்டும் இன்னும் சபைச் சொத்துதான். அடுத்த வருஷ ஏலத்துக்கு அது ஒண்ணு போதும், கிரேஸ்."

ஒன்றும் தெரியாமல் ஏலத்துக்குக் கொண்டுபோனவர்கள் எல்லாரும் புத்தகத்தைக் காப்பாற்றிவிட்டார்கள், புத்திசாலித்தனமாகப் பையில் ஒளித்து வைத்த நான்தான் என்னுடையதை ஏலத்தில் எடுக்கிற காசுக்காக இப்போதே ரெண்டு கோழி வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.