பெரிய இன்டர்கூலர் வேண்டாம் என்றவன்

ரபீக் அந்த அட்டைப்பெட்டியை என் தம்பி ஆனந்தராஜின் கார் ஷெட்டில் இறக்கி வைத்தது ஒரு வியாழக்கிழமை காலை, பத்தே கால் மணிக்கு. திண்டிவனம் உழவர் சந்தையில் கத்தரிக்காயை விற்றுவிட்டு, ஊருக்குப் போகும் கிளியனூர் பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா பாய் இது, சீர்வரிசை மாதிரி கொண்டாந்துருக்கே?" என்றான் தம்பி.

"இன்டர்கூலருப்பா. இப்ப இருக்கிறதைவிட டபுள் சைசு. மெட்ராஸ்லேர்ந்து வரவழைச்சேன். ஞாயித்துக்கிழமை எனக்குத் துபாய் பிளைட்டு. அதுக்குள்ள மாட்டிக் குடுத்துடு."

டர்போ வைத்த வண்டியில் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புவார்கள். அழுத்தினால் காற்று சூடாகும். சூடான காற்றில் வண்டிக்கு இழுவை குறையும். அந்தக் காற்றைக் குளிர வைத்து அனுப்புவதற்காக முன்பக்கம் ஜன்னல் கம்பி போல வரிவரியாக ஒன்று இருக்கும். அதுதான் இன்டர்கூலர். தம்பியின் ஷெட்டுக்கு எட்டு மாதமாகப் போய்வந்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவு.

ரபீக்கின் குறை நியாயமானது. கோட்டக்குப்பத்திலிருந்து கிளம்பி இருபது கிலோமீட்டர் தாண்டினால் வண்டி இழுக்க மறுக்கிறது. லாரியை முந்தப் போனால் பாதியில் சோர்ந்துவிடுகிறது. அவன் துபாய் போய்விட்டால் அவன் அப்பா அப்துல் வஹாப்தான் ஓட்ட வேண்டும். அவருக்கு அறுபத்தெட்டு வயது. வாரம் இரண்டு முறை விழுப்புரம் கடைகளுக்குச் சரக்கு போடுகிறவர்.

"எதிர்ல பஸ்ஸு வரும்போது வண்டி உக்காந்துச்சுன்னா அத்தா இன்னா பண்ணுவாரு?" என்றான் ரபீக்.

தம்பி உடனே பெட்டியைப் பிரிக்கவில்லை. அவன் எப்போதும் அப்படித்தான். ஐ.டி.ஐ. முடித்து விழுப்புரத்தில் ஒரு பட்டறையில் பதினோரு வருடம் வேலை செய்தான். அங்கே அவனுக்குப் பெயரே 'அட்டை ஆனந்தன்'. வண்டியின் முகத்தை ஓர் அட்டையில் பேனாவால் வரைந்து, கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டையும் படத்தில் அதன் இடத்திலேயே குத்தி வைப்பான். கேலி செய்தவர்கள் வேலை முடிந்து மிஞ்சிய போல்ட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார்கள். என் தம்பியின் அட்டையில் ஒன்றுகூட மிஞ்சியதில்லை. அக்கா என்பதால் சொல்லவில்லை, நானே எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

இன்ஜினின் சூட்டைக் காட்டும் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு ரபீக்கையும் ஏற்றி ஒலக்கூர் வரை ஓட்டிவிட்டு வந்தான். வெளியே வெயில் முப்பத்தேழு டிகிரி. இன்ஜினுக்குள் போகிற காற்று எழுபத்தெட்டு.

"சூடு ஏறுதுல்ல? அதான் பெருசு போடச் சொல்றேன்" என்றான் ரபீக்.

"சூடு இருக்குது பாய். ஏன் இருக்குதுன்னுதான் தெரியல. ரெண்டு வருஷமா இதே இன்டர்கூலருலதான் நல்லா ஓடுச்சு. போன மாசத்துலேர்ந்து மட்டும் இன்னா வந்துச்சு அதுக்கு?"

"பெருசு போட்டா கெட்டா போயிடும்?"

"இந்தப் பெட்டியில இருக்கிறது உள்ள உக்காரணும்னா பம்பருக்குப் பின்னாடி இருக்கிற இரும்புச் சட்டத்த வெட்டணும். இடிச்சா தாங்குறது அதுதான். அத்தா உக்கார்ற வண்டி பாய் இது."

ரபீக்குக்கு முகம் மாறிவிட்டது. "நான் வாங்கியாந்து குடுத்தும் வேணாம்ன்றே. புதுச்சேரியில குடுத்தா ஜல்தியா மாட்டித் தர ஆளு இருக்குது."

"இருக்குது. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் எங்கிட்ட விடு. அப்பவும் இழுக்கலன்னா பெட்டியோட எடுத்துக்கினு போ."

ரபீக் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, வந்த டீயைத் தொடாமல் போனான்.

அன்று ஷெட்டில் ஆறு வண்டிகள் நின்றன. நான்கு, ரபீக் சொல்லி வந்த கோட்டக்குப்பத்து வண்டிகள். அவன் கோபித்துக்கொண்டு விமானம் ஏறினால் அந்த நான்கும் திரும்பி வராது. சொந்த ஷெட்டை மூடிவிட்டுத் தம்பி மறுபடியும் விழுப்புரம் பட்டறைக்கே போக வேண்டியதுதான்.

"கேக்கிறதை மாட்டிக் குடுத்துட்டுப் போயேன்டா" என்றேன்.

"நீ பஸ்ஸ விட்டுடப் போறே" என்றான். நான் போகவில்லை.

புதிய அட்டையில் படம் வரைந்து பம்பரைக் கழற்றினான். முன்னால் ஏ.சி.க்கான சல்லடை மாதிரி ஒன்று, அதற்குப் பின்னால் இன்டர்கூலர். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவே விரலை விட்டவன் ஒரு கைப்பிடி எதையோ உருவி எடுத்தான். மெத்தைப் பஞ்சு மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு குழாயின் கிளிப் தளர்ந்து எண்ணெய் கசிந்ததால், தூசியெல்லாம் அதில் ஒட்டி இறுகியிருந்தது.

"இன்னா குப்பைக்கா இது?" என்று என் கையில் கொட்டினான்.

பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. முறுக்கிக்கொண்ட கருப்புத் தோல், பொடித் தண்டு, நடுவில் உடையாத இரண்டு மணி. உளுந்தம்பொட்டு, செடியை அடித்துத் தூற்றும்போது பறக்கிற குப்பை.

எங்கள் பக்கம் பங்குனியில் உளுந்துச் செடியைப் பிடுங்கிக் காயவைத்து ஊர் ரோட்டில் பரப்புவோம். போகிற வண்டிகளின் சக்கரமே அடித்துக் கொடுத்துவிடும். சாயங்காலம் அள்ளித் தூற்றினால் போதும். டோல்கேட் வரிசையில் நிற்கப் பொறுமையில்லாத கார்க்காரர்கள் அந்த ரோட்டில்தான் புகுந்து வருவார்கள். ரபீக்கின் சாம்பல் நிறக் காரும் போன மாதம் முழுக்க எங்கள் செடிமேல்தான் போனது. வேகமாகப் போனால் நன்றாக உதிரும் என்று சந்தோஷப்பட்டவள் நான். அந்த ரோட்டில் இந்த முறை செடி போட்டது இரண்டே வீடு. ஒன்று பக்கத்துக் கொல்லைக்காரர் விருத்தாசலம். இன்னொன்று நான்.

"ஆனந்தா, இது நம்ம உளுந்துடா."

"அதுல உம்பேரு எழுதியிருக்குதா?"

"எழுத வேண்டியதில்ல. எனக்குத் தெரியும்."

அவன் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "பேன் சீப்பு வச்சிருக்கியா?" என்று கேட்டான்.

கடைத்தெருவுக்குப் போய் ஒரு சீப்பு வாங்கி வந்தேன். வெள்ளிக்கிழமை முழுக்க அவனுக்கு அதே வேலை. மெதுவாகப் பின்பக்கமிருந்து தண்ணீர் விட்டான். வேகமாக அடித்தால் இன்டர்கூலரின் மெல்லிய தகடுகள் மடங்கிவிடுமாம். மடங்கிக் கிடந்தவற்றைப் பேன் சீப்பால் ஒவ்வொரு வரியாக நிமிர்த்தினான். கிளிப்பை மாற்றினான். சனிக்கிழமை நான் போனபோது அட்டையில் ஒரு போல்ட்டும் இல்லை.

சாயங்காலம் ரபீக் அவன் அப்பாவோடு வந்தான். பெட்டி பிரிக்காமலே கிடந்தது.

"நான் ஓட்டல. அத்தா ஓட்டட்டும்" என்றான் தம்பி.

அப்துல் வஹாப் ஓட்ட, மூன்று பேரும் போனார்கள். நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நேரத்தில் நான் ஷெட்டை இரண்டு தடவை பெருக்கினேன். வண்டி திரும்பி வந்ததும் பெரியவர்தான் முதலில் இறங்கினார்.

"கரும்பு லாரிய முந்துனேன்மா, அவ்வளவு நீளம். வண்டி சும்மா வழுக்கிக்கினு போச்சு."

"காத்து அம்பத்திமூணு டிகிரி. ஏ.சி. போட்டுக்கினு" என்றான் தம்பி.

ரபீக் பெட்டியைப் பார்த்தான். "அப்ப இது வேணவே வேணாமா?"

"மலையேத்தத்துல பாரம் இழுக்கிறவனுக்கு வேணும் பாய். உனக்கு வேணாம்."

அவன் இன்னும் முழுசாக நம்பவில்லை என்று பட்டது. குப்பை எங்கிருந்து வந்தது என்று கேட்டான். தம்பி வாயைத் திறக்குமுன் நானே சொல்லிவிட்டேன், ரோட்டில் செடி போட்டது நான்தான் என்று. சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"டோல்கேட்டுல நிக்கப் பேஜாருப்பட்டு அந்த வழியா வந்தது யாரு, நான்தானேக்கா?" என்றான் ரபீக். பிறகு, "டீ சொல்லு ஆனந்தா" என்றான்.

"பொட்டு மட்டும் எங்களுக்கு, உளுந்து உங்களுக்கா? நல்லாருக்கும்மா நாயம்" என்றார் பெரியவர். மறுவாரமே இரண்டு படி உளுந்தை அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

பெட்டியைத் தம்பியே சென்னைக்குத் திருப்பி அனுப்பினான். கோட்டக்குப்பத்திலிருந்து இப்போது ஏழு வண்டிகள் வருகின்றன. மறுவருடம் நான் செடியைக் கொல்லையிலேயே தார்ப்பாய் விரித்துப் போட்டு டிராக்டரை ஓட்டி அடித்தேன். அப்துல் வஹாப் சித்திரையில் வண்டியைக் கொண்டுவந்து முன்பக்கம் திறந்து பார்க்கச் சொன்னார். தம்பி விரலை விட்டு ஒரு சிட்டிகை பொட்டு எடுத்தான்.

பெரியவர் என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, இந்த வருசமும் ரோட்டுலயா?"

"நான் தார்ப்பாயிலதாங்க போட்டேன்" என்றேன். "இது பக்கத்துக் கொல்லை விருத்தாசலத்துது. நீங்க இன்னும் அந்த வழியாதான் வர்றீங்களா?"

அவர் டீயை ஊதிக் குடித்தார்.