தொண்ணூறு வருஷமா, நாலு வருஷமா?

அப்துல் ஹமீது ரங்கூனுக்குக் கப்பலேறிய வருஷம் அஃப்ஸர் ஜஹானுக்கு இருபது வயது. நிக்காஹ் நடந்து பதினாலு மாதம்தான் ஆகியிருந்தது. தோல் வியாபாரக் கம்பெனி ஒன்றில் வேலை என்று போனவன் இரண்டு வருஷம் கடிதம் எழுதினான். 1924இல் வந்த கடைசிக் கடிதம் முழுக்க மழைதான். இங்கே மழை பிடித்துக்கொண்டால் இன்று என்ன கிழமை என்பதே மறந்துபோகிறது என்று எழுதியிருந்தான். அதற்கப்புறம் கடிதமும் இல்லை, ஆளும் இல்லை.

பேரணாம்பட்டில் அண்ணன் கவுஸ் வீட்டில் பின்கட்டு அறை அவளுடையதாயிற்று. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவாள். மத்தியான வேளைகளில், தோல் கிடங்குகளில் ஊறும் ஆவாரம்பட்டையின் துவர்ப்பு வாசனை காற்றோடு வந்து அறையில் தங்கும். விரல்கள் தம்பாட்டுக்கு இலையைச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டிருக்க, கண் செருகும். அந்த அரைத் தூக்கத்தில் ஹமீது வருவான். முதல் வருஷங்களில் முகம் தெளிவாக இருந்தது. பிறகு சட்டை மட்டும் வந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெயில் இருந்தது.

கடிதம் நின்ற ஒன்பதாவது வருஷம் கவுஸ் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்த் தங்கையின் நிலைக்கு வழி கேட்டான். அவர் கிதாபைப் புரட்டிவிட்டுச் சொன்னார்.

"நாலு இமாமுங்க காட்டின வழியில நாம ஹனஃபி மத்ஹபு, கவுஸ். காணாம போன புருஷன் மவுத்தாயிட்டான்னு தெரியற வரைக்கும் அவ அவன் மனைவிதான். ஊர்ல அவன் வயசுக்காரங்க எல்லாம் போய்ச் சேரணும். இல்லன்னா அவனுக்குத் தொண்ணூறு வயசு ஆவணும். அது வரைக்கும் காத்திருக்கணும்."

அண்ணன் வந்து சொன்னதும் அவள் கணக்குப் போட்டாள். ஹமீதுக்குத் தொண்ணூறு ஆகும்போது அவளுக்கு எண்பத்தாறு.

மிச்சமிருந்தது அவன் வயதுக்காரர்கள் கணக்கு. அது ஊருக்கே தெரிந்த கணக்கு. ஹமீதோடு சேர்த்து ஒன்பது பையன்களுக்கு ஒரே நாளில் சுன்னத் செய்து, பச்சை லுங்கி கட்டி, வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். விஷ ஜுரம் வந்த வருஷம் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஹமீது போக, ஊரில் ஆறு பேர்.

அன்றிலிருந்து அந்த ஆறு பேரும் அவளுக்குள் குடியேறினார்கள். ஜன்னலுக்கு வெளியே யார் இருமினாலும் காது அங்கே போகும். ஒருநாள் அவர்களில் ஒருவனான உஸ்மானுக்கு ரத்தபேதி, பிழைப்பது கஷ்டம் என்று செய்தி வந்தது. இலை வெட்டிக்கொண்டிருந்தவள் மனதுக்குள் "அஞ்சு" என்றாள். சொன்ன மறுகணம் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டாள். கைகால் முகம் கழுவி ஒளூ செய்து, தொழுகைப் பாயான முசல்லாவை விரித்து உஸ்மானின் உயிருக்காக அழுது கேட்டாள். உஸ்மான் பிழைத்தான். அதன்பிறகு ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் ஆறு பேரையும் பெயர் சொல்லி, நீண்ட ஆயுள் கொடு என்று கேட்பது வழக்கமாயிற்று. தன் கதவை இன்னும் இறுக்கிப் பூட்டச் சொல்லித் தானே கேட்கிறோம் என்று தெரிந்துதான் கேட்டாள்.

அந்த ஆறு பேரில் ஒருவன் ஜியாவுல்லா, சுண்ணாம்புத் தொட்டி மேஸ்திரி. பிரசவத்தில் மனைவியை இழந்தவன். 1933இல் ஒரு வெள்ளிக்கிழமை கவுஸைப் பார்க்க வந்தான். இன்னொருவன் மனைவியைப் பெண் கேட்பது பாவம். அதனால் அவன் கேட்கவில்லை. கேட்க முடியவில்லை என்பதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருந்தான்.

"என் கதையப் பாத்தியா கவுஸு? எனக்கு ஒரு ஆசை இருக்கு. அது நடக்கணும்னா மொதல்ல நான் சாவணும்னு கிதாபுல இருக்குது."

"வாயக் கழுவுடா. தோஸ்துன்னு பாக்குறேன், இல்லன்னா ஒதைப்பேன்."

"ஒதை. வயசுக்காரன்ல ஒருத்தன் கம்மி ஆவட்டும்."

உள்ளே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டாள். எத்தனை வருஷம் கழித்து வந்த சிரிப்பு என்று யோசித்தபோது பயமாக இருந்தது.

பக்கத்து வீட்டு எல்லம்மா கிடங்கில் தோலிலிருந்து மயிர் வழிக்கிறவள். அவளிடம்தான் இதையெல்லாம் பேச முடியும்.

"இன்னாம்மா இது, பேஜாரா கீது! எங்க சாதியில ஏழு வருஷம் பாத்துட்டு, பஞ்சாயத்துல தீத்து உட்டுடுவாங்க. உங்க சாமிங்க நாலு பேருல ஒருத்தருக்குக் கூடவா எரக்கம் இல்ல?"

"சாமி இல்ல எல்லம்மா, இமாமுங்க."

"யாரோ ஒருத்தர். நாலு பேர் கீறாங்கல்ல, நாலு பேரையும் கேட்டியா?"

அவள் கேட்டிருக்கவில்லை. அந்த வாரமே அண்ணனோடு ஹஜ்ரத் வீட்டுக்குப் போனாள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, குரல் நடுங்காமல் கேட்டாள்.

"ஹஜ்ரத், மத்த மூணு மத்ஹபுல என்ன சொல்லியிருக்குது?"

ஹஜ்ரத் நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாதவர்.

"இமாம் மாலிக் நாலு வருஷம்ங்கிறார். அப்புறம் விதவைங்க துக்கம் காக்கிற இத்தா நாலு மாசம் பத்து நாள். அப்புறம் அவ இஷ்டம்."

"நாலு வருஷமா!"

"ஆனா நாம அந்த மத்ஹபு இல்லம்மா. இதுக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணுன்னு வசதி பாத்து மாத்தினா மார்க்கம் விளையாட்டாயிடும்."

"நாலும் ஹக்குன்னு நீங்கதானே பயான்ல சொல்றீங்க, ஹஜ்ரத். நாலும் உண்மைன்னா நான் உண்மையை விட்டு எங்க போயிடப் போறேன்? வசதிக்குக் கேக்கல. நான் மனைவியா விதவையான்னு எனக்குத் தெரியல. தொழுதுட்டு அவருக்கு என்ன துஆ கேக்குறதுன்னே தெரியல. நல்லா வையின்னு கேக்கவா, மன்னிச்சிடுன்னு கேக்கவா?"

திரைக்கு அப்பால் கிதாபு மூடப்படும் சத்தம் கேட்டது. வேலூர் ஆலிம்களுக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார் ஹஜ்ரத்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. கஷ்டம் முற்றிய இடத்தில் மாலிகி மத்ஹபின்படி நடக்கலாம். தீர்ப்புச் சொல்லக் காஜி இல்லாத ஊரில் ஜமாஅத்தில் நேர்மையான சிலர் கூடி விசாரிக்கவேண்டும். ரங்கூனில் தேடவேண்டும். தேடியும் கிடைக்காவிட்டால் அன்றைய தேதியிலிருந்து நாலு வருஷம்.

"அன்னையிலேர்ந்தா?" என்றான் கவுஸ். "அவ காத்திருந்த ஒன்பது வருஷம்?"

"அது கணக்குல வராது," என்றார் ஹஜ்ரத், தரையைப் பார்த்தபடி.

அஃப்ஸர் ஜஹான் சம்மதித்தாள். முடிவு தெரியாத ஒன்பதைவிட முடிவு தெரிந்த நாலு சின்னதாக இருந்தது. ரங்கூனுக்குக் கடிதங்கள் போயின. அப்படி ஒருவரைத் தெரியாது என்று பதில்கள் வந்தன. ஜமாஅத் தேதி எழுதியது. நாலு வருஷமும் அவள் பீடி சுற்றினாள். மலட்டாற்றில் இரண்டு தரம் வெள்ளம் வந்து வடிந்தது. அந்தக் காலம் முழுவதும் அவள் ஹமீதின் மனைவிதான் என்பதால் ஜியாவுல்லா அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

1937இல் கெடு முடிந்த நாளில் அவள் கழுத்திலிருந்த நிக்காஹ் கருகமணியைக் கழற்றினாள். கழற்றியவள் அப்படியே சுவரில் சாய்ந்து அழத் தொடங்கினாள். அண்ணி ஓடி வந்தாள்.

"விடுதலை கெடச்ச நாள்ல ஏன் ஜஹான் அழுவுறே?"

"உயிரோட இருக்கிற புருஷனுக்கு எப்படி பாபி அழுவுறது? இப்பத்தான் அழ முடியுது."

அழுகைக்கு நடுவே மழைச் சத்தம் கேட்பதுபோல இருந்தது. வெளியே நல்ல வெயில். ஹமீதின் முகம், மூக்கின் பக்கத்து மச்சத்தோடு, முழுசாக வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனது.

மறுநாள் அண்ணனை அனுப்பி ஹஜ்ரத்திடம் ஒன்று கேட்டாள். ஹமீதுக்கு, இறந்தவர்களுக்காகத் தொழும் ஜனாஸாத் தொழுகை வேண்டும்.

ஹஜ்ரத் பதறிப்போனார். "செத்தவரோட மய்யித்து முன்னாடி இல்லாம நம்ம மத்ஹபுல தொழ முடியாதே! அது ஷாஃபி மத்ஹபுல..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். கடைசியில் ஹஜ்ரத் மெல்லச் சொன்னார். "தோல் வாங்க வந்திருக்கிற காயல்பட்டணத்துக்காரங்க ஷாஃபிதான். அவங்க தொழுதா நான் வேணாங்க மாட்டேன். நான் சேர முடியாது. துஆ கேப்பேன்."

சாயங்கால அஸர் தொழுகைக்கு அப்புறம் பள்ளிவாசல் வெளியில் ஐந்து வியாபாரிகள் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் உடல் வைத்த சந்தூக் பெட்டி இல்லை, வெறும் மணல்தான். ஹஜ்ரத் தள்ளி நின்று கை ஏந்தினார். இத்தாவில் இருந்த அவள் வாசல் தாண்டவில்லை. கவுஸ் வந்து சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு அந்த வெறும் மணலைப் பார்த்தாள்.

இத்தா முடிந்த மறுவாரம் ஜியாவுல்லா முறைப்படி பெண் கேட்டு ஆள் அனுப்பினான். கவுஸ் சிரித்த முகத்தோடு பின்கட்டுக்கு வந்தான்.

"என்னம்மா சொல்லட்டும்?"

அவள் முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"சரின்னுதான் சொல்லுவேண்ணே. ஆனா ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்க. பதினாறு வருஷத்துக்கு மேல ஒருத்தருக்கு மனைவியாவே இருந்துட்டேன். யாருக்கும் மனைவியா இல்லாம ஒரு வாரம் இருந்து பாக்குறேன்."

அன்று சாயங்காலம் எல்லம்மாவைக் கூட்டிக்கொண்டு மலட்டாற்று மணலில் நடந்தாள். எங்கே போகிறோம் என்று எல்லம்மா கேட்டாள். தெரியவில்லை என்றாள். சொல்வதற்கு இனிப்பாக இருந்தது.